கென்யா போராட்டம்: என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நைரோபில நாலு வருஷம் வேலை பாத்துட்டு ஊருக்கு வந்தவன் நான். டிவில புகையும் கல்வீச்சும் காட்டினாலே ஃப்ரெண்ட்ஸ், சொந்தக்காரங்க எல்லாம் வாட்ஸாப்ல ஒரே கேள்வியா கேப்பாங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது. அதான் கேட்டதை எல்லாம் இங்க ஒண்ணா போட்டுட்டேன்.

மொதல்ல, என்ன தான் பிரச்சினை? எங்க ஆரம்பிச்சுது?

2024 நிதி மசோதா. வருஷா வருஷம் பட்ஜெட்டோட சேத்து ஒரு வரி மசோதா அங்க பார்லிமென்ட்டுக்கு வரும், அந்த வருஷம் வந்தது கொஞ்சம் ஓவர். பாக்கெட் ரொட்டிக்கு 16% வாட், சமையல் எண்ணெய்க்கு 25% எக்ஸைஸ், கார் வச்சிருக்கவன் வருஷத்துக்கு கார் மதிப்புல 2.5% கட்டணும், மொபைல்ல பணம் அனுப்புற கட்டணத்து மேல இருந்த வரி 15லேர்ந்து 20%, அப்புறம் சுற்றுச்சூழல் வரின்னு ஒண்ணு, அதுல குழந்தைங்க டயப்பர், சானிட்டரி பேட் எல்லாம் மாட்டிக்கிச்சு. மொத்தமா 34,600 கோடி ஷில்லிங் கூடுதலா வசூல் பண்ணணும்னு பிளான்.

இதுல மொபைல் பண வரிய நம்மாளுங்க சாதாரணமா கடந்து போயிடுறாங்க. நமக்கு யுபிஐ ஃப்ரீ, அங்க எம்-பெசாதான் எல்லாம், தக்காளி வாங்குறதுலேர்ந்து கிராமத்துல இருக்க அம்மாவுக்கு காசு அனுப்புறது வரைக்கும், பணம் அனுப்பும்போது பெரும்பாலும் கட்டணம் பிடிக்கும். அது மேல வரி ஏத்தினா பாக்கெட்டுலேர்ந்து நேரா எடுக்குற மாதிரிதான்.

ரொட்டிக்கு வரி போட்டதுக்கா இவ்ளோ பெரிய கலவரம்?

இல்ல. ரொட்டி வரியையும் கார் வரியையும் ஜூன் 18ஆம் தேதியே வாபஸ் வாங்கிட்டாங்க, அப்பவும் கூட்டம் கலையல. அதுக்கு முந்தின வருஷமே பெட்ரோல் டீசலுக்கு வாட் 8லேர்ந்து 16% ஆச்சு, சம்பளத்துல 1.5% வீட்டு வசதி வரின்னு பிடிச்சாங்க. அதாவது ஏற்கனவே மூச்சு முட்டிட்டு இருந்தவன் மேல இன்னொரு மூட்டைய ஏத்தினாங்க.

அதோட கூட ஆடம்பரம். 2024 மே மாசம் ஜனாதிபதி வில்லியம் ரூட்டோ அமெரிக்காவுக்கு தனி ஜெட் வாடகைக்கு எடுத்துட்டு போனாரு, செலவு எவ்ளோன்னு ஊரே பேசிச்சு. ஜனாதிபதி மனைவி ஆபீஸுக்கு தனி பட்ஜெட், துணை ஜனாதிபதி மனைவிக்கு தனி, இன்னொரு பெரிய மந்திரி மனைவிக்கும் தனி. எம்பிங்க விலை உயர்ந்த வாட்ச், காருன்னு போட்டோ போட்டுட்டு இருந்தாங்க. இந்த ரூட்டோ 2022ல ஜெயிச்சதே 'நான் ரோட்டோரம் கோழி வித்தவன், உங்கள்ல ஒருத்தன்'னு சொல்லித்தான், அந்த கடுப்பு தனி.

அரசாங்கத்துக்கும் பணம் வேணும்ல? கடன் இருக்குதுல்ல?

இருக்கு, மறுக்கல. 10 லட்சம் கோடி ஷில்லிங்குக்கு மேல கடன், 2024 ஜூன்லயே 200 கோடி டாலர் யூரோபாண்டு (வெளிநாட்டு கடன் பத்திரம்) ஒண்ணு முடியுது, இன்னொரு பக்கம் ஐஎம்எஃப் வருமானத்த கூட்டுன்னு அழுத்துது. வசூலாகுற 100 ஷில்லிங் வரியில 61 ஷில்லிங் கடனுக்கே போகுதுன்னு ரூட்டோவே சொன்னாரு. ரயில், ரோடுன்னு முந்தின ஆட்சியில வாங்கின கடனும் இதுல சேர்த்தி, அந்த ஆட்சில இவர்தான் துணை ஜனாதிபதி, அதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

போராடின இளைஞர் பசங்க கேட்டது ஒண்ணுதான், கடன் வாங்கின காசு எங்க போச்சு, திருடினவன புடி, அப்புறம் எங்ககிட்ட வா. எனக்கு இது நியாயமாதான் பட்டுது.

'ஸகாயோ'ன்னு கத்துறாங்களே, அது யாரு?

ரூட்டோதான். பைபிள்ல வர்ற சகேயு, வரி வசூல் பண்றவன், குள்ளமா இருந்ததால மரத்து மேல ஏறி இயேசுவ பாத்தானே, அந்த சகேயுவ ஸ்வாஹிலில ஸகாயோன்னு சொல்வாங்க. 'ஸகாயோ ஷுகா'ன்னா 'சகேயு, எறங்கு'. ரூட்டோ எந்நேரமும் சர்ச்ல மைக் பிடிக்கிற ஆளு, அவருக்கு பைபிள்லேர்ந்தே பேர் வச்சாங்க பாருங்க, அந்த குசும்பு எனக்கு ரொம்ப பிடிக்கும்.

தலைவரே இல்லாம எப்படி இவ்ளோ பேர் கூடினாங்க?

கட்சி இல்ல, தலைவர் இல்ல, இனம் இல்லன்னுதான் அவங்க கோஷமே. கென்யால இதுக்கு முன்னாடி எந்த போராட்டமா இருந்தாலும் ஒரு அரசியல்வாதி முன்னாடி காருல நின்னு போவாரு, பின்னாடி அவரோட இனத்துக்காரங்க போவாங்க, கடைசில அவரு ஆளுங்கட்சியோட கைகுலுக்கிட்டு வீட்டுக்கு போயிடுவாரு. இதை பாத்து பாத்து சலிச்ச பசங்க, எங்களுக்கு யாரும் வேணாம்னுட்டாங்க. தலைவர் இல்லன்னா யார கூப்பிட்டு விலை பேசுறது, அது அரசாங்கத்துக்கு பெரிய தலைவலி.

டிக்டாக்ல மசோதாவ பக்கம் பக்கமா படிச்சு விளக்கினாங்க, எக்ஸ் ஸ்பேஸ்ல ராத்திரி முழுக்க ஆயிரக்கணக்கான பேர் உக்காந்து கேட்டாங்க, மசோதா பத்தி கேள்வி கேட்டா பதில் சொல்ற ஏஐ கருவி ஒண்ணு கூட பண்ணாங்க. எம்பிங்க போன் நம்பர எல்லாம் வெளில விட்டு 'இவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க'ன்னு போட்டாங்க, ஸ்வாஹிலில 'சலிமியா', அவ்ளோதான், அந்த எம்பி போன் மெசேஜ் தாங்காம படுத்துடும். காயம்பட்டவங்க ஆஸ்பத்திரி செலவுக்கு ஆன்லைன்லயே சில நாள்ல கோடிக்கணக்குல ஷில்லிங் சேந்துச்சு.

2024 ஜூன் 25 அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?

இது கொஞ்சம் விவரமா சொல்லணும். ஜூன் 18 மொத போராட்டம், கண்ணீர்ப்புகை, 200 பேருக்கு மேல அரெஸ்ட். 20ஆம் தேதி நாடு முழுக்க பரவுச்சு, அன்னிக்கு நைரோபில 29 வயசு பையன் ஒருத்தன் சுடப்பட்டு செத்தான், அதுதான் மொத சாவு. அதுவரைக்கும் பசங்க கையில போனும் தண்ணி பாட்டிலும் கொடியும்தான், செல்ஃபி எடுத்துட்டு போலீஸ கிண்டல் பண்ணிட்டு ஒரு திருவிழா மாதிரி இருந்துச்சு. அந்த சாவுக்கப்புறம் முகமே மாறிடுச்சு.

25ஆம் தேதி செவ்வாக்கிழமை. பார்லிமென்ட்டுல 195க்கு 106ன்னு மசோதா பாஸ் ஆச்சு, கொஞ்ச நேரத்துல கூட்டம் வேலிய தாண்டி உள்ள பூந்துடுச்சு, ஒரு பகுதில தீ, எம்பிங்க சுரங்கப்பாதை வழியா ஓடினாங்க. வெளில போலீஸ் நெஜ தோட்டாவால சுட்டுச்சு. ஒபாமாவோட அக்கா ஆவ்மா ஒபாமா சிஎன்என்க்கு பேட்டி குடுத்துட்டு இருக்கும்போதே கண்ணீர்ப்புகை அடிச்சு பேச முடியாம திணறினாங்க, உலகமே லைவ்ல பாத்துச்சு. நெட் நொண்ட ஆரம்பிச்சுது, எங்க அபார்ட்மென்ட்ல எல்லாரும் கேட்ட பூட்டிட்டு வாட்ச்மேன் ரேடியோவ சுத்தி நின்னுட்டு இருந்தோம். ராணுவத்த எறக்கினாங்க. மறுநாள் கென்ய மனித உரிமை ஆணையம் சொன்ன கணக்கு 22 பேர் சாவு, அப்புறம் மாசங்கள் போக போக அந்த சீசன் மொத்தத்துக்கும் 60 வரை போச்சு.

இதே நாள்ல நடந்த இன்னொண்ணு, ஹெய்ட்டி நாட்டுல ரவுடி கும்பல அடக்கி அமைதி கொண்டுவரன்னு கென்ய போலீஸோட மொத பேட்ச் போய் எறங்கினதும் அந்த ஜூன் 25தான். ஊர்ல சொந்த பசங்கள சுட்டுட்டு இருக்கும்போது. கதையில எழுதினா நம்ப மாட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி ரூட்டோ டிவில வந்து இது தேசத்துரோகம்னு கடுமையா பேசினாரு, மறுநாளே வந்து கையெழுத்து போட மாட்டேன், ஒத்துக்கிறேன்னாரு.

மசோதா போயிடுச்சே, அப்புறமும் ஏன் தெருவுக்கு வர்றாங்க?

எல்லாரும் தப்பா புரிஞ்சுக்குற இடம் இதுதான். ஜூன் 25 வரைக்கும் சண்டை வரிக்காக, அதுக்கப்புறம் சண்டை செத்தவங்களுக்காக. வரிய வாபஸ் வாங்கலாம், உயிர எப்படி வாங்குவ?

ஜூலைல ரூட்டோ மந்திரி சபைய கிட்டத்தட்ட முழுசா கலைச்சாரு, போலீஸ் தலைவர் ராஜினாமா பண்ணாரு, மந்திரி மனைவி ஆபீஸ் பட்ஜெட் எல்லாம் ரத்துன்னாரு. ஆனா கலைச்ச மந்திரிங்கள்ல பல பேர் திரும்ப வந்தாங்க, காலியான மிச்ச சீட்டுக்கு எதிர்க்கட்சி ஆளுங்கள கூட்டிட்டு வந்து உக்கார வச்சாங்க. டிசம்பர்ல வேற பேர்ல ஒரு வரி திருத்த சட்டம் போட்டு, தூக்கி போட்டதுல சிலத திரும்ப எடுத்துக்கிட்டாங்க. சுட்டவன் மேல நடவடிக்கைன்னு கேட்டா பதிலே இல்ல.

ஆள் கடத்துறாங்கன்னு கேள்விப்பட்டேன், நெஜமா?

நெஜம். சாதா டிரஸ்ல, முகத்த மூடிட்டு, நம்பர் பிளேட் மாத்தின கார்ல வருவாங்க, பெரும்பாலும் சுபாரு கார், அதனால அங்க சுபாருன்னாலே இப்ப ஒரு பயம். 2024 ஜூன்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மட்டும் 82 கடத்தல் கேஸ மனித உரிமை ஆணையம் பதிவு பண்ணிச்சு. ரூட்டோவ கேலி பண்ணி கார்ட்டூன் போட்டவங்க, எக்ஸ்ல எழுதினவங்கள எல்லாம் கிறிஸ்மஸ் சமயத்துல தூக்கினாங்க, ஜனவரில சில பேர எங்கேயோ ரோட்டோரம் விட்டுட்டு போனாங்க. போலீஸ் நாங்க இல்லன்னுது.

இதுல அதிர்ச்சி என்னன்னா ஜஸ்டின் முடூரி கதை. அவரு கடத்தல் நடந்தப்போ நாட்டோட அட்டர்னி ஜெனரல், அப்புறம் மந்திரி. அவரோட சொந்த பையனையே தூக்கிட்டாங்க, அவரு நேரா ரூட்டோகிட்ட போய் நின்னு, ரூட்டோ உளவுத்துறை தலைவருக்கு போன் போட்ட பிறகுதான் பையன் வெளில வந்தான்னு அவரே 2025ல வெளிப்படையா சொன்னாரு. கொஞ்ச நாள்ல மந்திரி பதவி காலி. சட்ட ஆலோசகர் வீட்டுப் பிள்ளைக்கே இந்த கதின்னா, கிபெரா சேரில இருக்கவன் பிள்ளைக்கு யாரு போன் போடுவா?

2025 ஜூன்ல திரும்ப ஏன் வெடிச்சுது?

31 வயசு ஆசிரியர் ஒருத்தர், ஆன்லைன்லயும் எழுதுவாரு. போலீஸ் துணைத்தலைவர் ஒருத்தர பத்தி அவதூறா போட்டாருன்னு, மேற்கு பக்கம் ஹோமா பே ஊர்ல அவர் வீட்டுலேர்ந்து புடிச்சு, முன்னூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டு நைரோபி சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு கொண்டு வந்தாங்க. மறுநாள் ஜூன் 8, செத்துட்டாரு. செவுத்துல தானே தலைய முட்டிக்கிட்டாருன்னு போலீஸ் சொன்னுச்சு. போஸ்ட்மார்ட்டம் பண்ண டாக்டருங்க தலையில அடி, கழுத்த நெரிச்ச தடயம், உடம்பு பூரா காயம், தானே பண்ணிக்கிட்டது இல்லன்னுட்டாங்க. செவுத்து கதை நமக்கு புதுசா என்ன, லாக்கப் சாவுன்னா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு நம்ம ஊர்லயும் கேட்டதுதானே.

அதுக்காக ஜூன் 17 நடந்த போராட்டத்துல, மாஸ்க் வித்துட்டு நின்ன ஒரு தெரு வியாபாரிய போலீஸ்காரர் ரொம்ப பக்கத்துலேர்ந்து தலையில சுட்டாரு, அது வீடியோல பதிவாச்சு. அந்த பையன் போராட வந்தவன் கூட இல்ல, 13 நாள் ஆஸ்பத்திரில கிடந்து செத்தான். அன்னிக்கு போலீஸோட சேந்து சாட்டையும் கட்டையுமா பைக்ல வந்த கூலிப்படையும் போராட்டக்காரங்கள அடிச்சுது.

அப்புறம் ஜூன் 25, மொத வருஷ நினைவு நாள். பூவும் மெழுகுவத்தியுமா ஆரம்பிச்சது, குறைஞ்சது 16 சாவுல முடிஞ்சுது. டிவி சேனல்கள் லைவ் காட்டக் கூடாதுன்னு உத்தரவு போட்டு சிக்னல கட் பண்ணாங்க, கோர்ட் தடை போட்ட பிறகு திரும்ப வந்துச்சு.

சபா சபான்னா என்ன?

ஸ்வாஹிலில சபான்னா ஏழு. ஏழாவது மாசம் ஏழாம் தேதி. 1990 ஜூலை 7, அப்ப ஜனாதிபதி டேனியல் மோயோட ஒத்தக் கட்சி ஆட்சி, பல கட்சி ஜனநாயகம் கேட்டு நைரோபி கமுகுஞ்சி மைதானத்துல கூட்டம் போட்டாங்க, சுட்டு கலைச்சாங்க. அடுத்த வருஷமே பல கட்சி முறைய மோய் ஒத்துக்க வேண்டி வந்துச்சு. அதனால அந்த தேதிக்கு ஒரு மரியாதை.

2025 சபா சபாக்கு நைரோபிக்குள்ள வர்ற ரோட்டெல்லாம் முள்கம்பி போட்டு மறிச்சுட்டாங்க, ஊரே செத்த ஊரு மாதிரி. போராட்டம் புறநகருக்கும் மத்த ஊருக்கும் போச்சு, அந்த ஒரே நாள்ல 31 சாவுன்னு மறுநாள் மனித உரிமை ஆணையம் கணக்கு சொன்னுச்சு. கியாம்பு பக்கம் ஒரு 12 வயசு பொண்ணு, வீட்டுக்குள்ள இருந்தது, குண்டு வந்து பட்டு செத்துடுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ரூட்டோ பேசினாரு, கடைய உடைக்கிறவன கொல்லாதீங்க, கால்ல சுடுங்க, ஆஸ்பத்திரி வழியா கோர்ட்டுக்கு போகட்டும்ங்கற மாதிரி. ஒரு வரி மசோதால ஆரம்பிச்சது எங்க வந்து நிக்குது பாருங்க. இப்ப ஜூன் 25ம் ஜூலை 7ம் காலண்டர்ல நிரந்தரமா உக்காந்துடுச்சு, ஒவ்வொரு தடவை சுடும்போதும் அடுத்த வருஷத்துக்கு ஒரு திதிய இவங்களே சேத்து குடுக்குறாங்க.

கடைகள கொள்ளையடிச்சாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?

அடிச்சாங்க, உண்மைதான். 2025ல நைரோபி கடைவீதில செல்போன் கடை, சூப்பர்மார்க்கெட்னு நிறைய போச்சு, அதுல பாதி பேர் கடன் வாங்கி கடை போட்ட சின்ன வியாபாரிங்க. எனக்கு தெரிஞ்ச குஜராத்தி ஹார்ட்வேர் கடைக்காரர் ஒருத்தர் அந்த மாசம் முழுக்க பாதி ஷட்டர்தான் திறந்தாரு. போராட்டக்காரன் வேற, கொள்ளையடிக்கிறவன் வேறன்னு பசங்க சொல்றாங்க, பெரும்பாலும் சரி, ஆனா கூட்டம்னா ரெண்டும் கலக்கத்தான் செய்யும். அதுக்காக கூட்டத்து மேல நெஜ தோட்டா அடிக்கலாம்னு ஆகாது.

பர்மிஷன் வாங்காம கூடினா போலீஸ் கலைக்கத்தானே செய்யும்?

பர்மிஷனே தேவையில்ல. 2010 அரசியல் சட்டத்துல 37ஆவது பிரிவு, ஆயுதம் இல்லாம அமைதியா கூடலாம், ஊர்வலம் போலாம், மனு குடுக்கலாம்னு தெளிவா இருக்கு. பொது ஒழுங்கு சட்டப்படி மூணு நாள் முன்னாடி ஸ்டேஷனுக்கு தகவல் சொல்லணும், அவ்ளோதான். ஸ்டேஷன்ல அதை பர்மிஷன் மாதிரி ஆக்கிட்டாங்க. அரெஸ்ட் பண்ணா 24 மணி நேரத்துக்குள்ள கோர்ட், போராட்டத்துல நிக்கிற போலீஸ் யூனிஃபார்ம்ல முகம் தெரிய நிக்கணும்னு ஹைகோர்ட் உத்தரவு, எல்லாமே இருக்கு பேப்பர்ல. சட்டம் எழுதுறதுல கென்யாவ அடிச்சுக்க ஆள் இல்லன்னு என் கூட வேலை பாத்த வக்கீல் பொண்ணு சொல்லி சிரிக்கும்.

2025 ஜூலைல ஒரு எம்பி புதுசா ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, பார்லிமென்ட், கோர்ட் மாதிரி இடத்துலேர்ந்து 100 மீட்டருக்குள்ள யாரும் போராடக் கூடாதுன்னு. பின்ன எங்க போய் போராடுறது, காட்டுலயா?

சுட்ட போலீஸ் மேல கேஸ் போட்டாங்களா?

சிலதுல. போலீஸ கண்காணிக்கன்னே தனி அமைப்பு இருக்கு, ஐபோவான்னு சுருக்கமா சொல்வாங்க. ஆசிரியர் சாவுல மூணு போலீஸ், மூணு வெளி ஆளு மேல கொலை கேஸ், மாஸ்க் வித்த பையன் கேஸ்ல ஒரு போலீஸ் மேல கொலை கேஸ். கவனிச்சீங்களா, ரெண்டுமே கேமராவும் போஸ்ட்மார்ட்டமும் வசமா மாட்டின கேஸு. 2024ல செத்த அறுபது பேர்ல பெரும்பாலான வீட்டுக்கு கோர்ட் படி ஏறவே வழி கிடைக்கல. பார்லிமென்ட் வாசல்ல சுட்டவங்க யாருன்னு பிபிசி ஆயிரக்கணக்கான போட்டோவ அலசி கண்டுபிடிச்சு காட்டிச்சு, அப்பவும் வேகமா எதுவும் நடக்கல. போலீஸ்காரங்க ஒருத்தர ஒருத்தர் காட்டிக் குடுக்க மாட்டாங்க, யாருக்கு எந்த துப்பாக்கி குடுத்தாங்கங்கற ரெஜிஸ்டர் பக்கம் காணாம போகும், சாட்சி பயந்துடும்.

ரைலா ஒடிங்கா கேரளாவுல செத்தாரே, அவரு போராட்ட தலைவர் இல்லையா?

இல்ல, ஆமா. வாழ்க்கை முழுக்க எதிர்க்கட்சி, மோய் காலத்துல ஜெயில், அஞ்சு தடவை ஜனாதிபதி தேர்தல்ல நின்னு தோத்தவரு, 2023 வரி போராட்டத்த நடத்தினதே அவருதான். ஆனா 2024 பசங்க அவர கூப்பிடல. 2025 மார்ச்ல ரூட்டோவோட ஒப்பந்தம் போட்டு கைகுலுக்கிட்டாரு, பசங்களுக்கு செம கோபம். அக்டோபர் 15 கூத்தாட்டுகுளத்துல ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்த இடத்துல காலைல வாக்கிங் போகும்போது விழுந்து இறந்தாரு. மறுநாள் உடல் நைரோபி வந்து ஸ்டேடியத்துல வச்சாங்க, அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்து மேலயும் சுட்டாங்க, அங்கயும் சாவு. திட்டின பசங்களே அன்னிக்கு அழுததையும் பாத்தேன்.

இது இனச் சண்டையா மாறிடாதா?

2007 தேர்தலுக்கப்புறம் 1,100 பேருக்கு மேல செத்தாங்க, அந்த பயம் எல்லாருக்கும் உண்டு. அதை தூண்டி விட முயற்சியும் நடக்குது. ஆனா இந்த தலைமுறைகிட்ட அது முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது, நகரத்துல பொறந்து ஷெங் (ஸ்வாஹிலியும் இங்கிலீஷும் கலந்த பேச்சு) பேசுற பசங்க, பாதி பேருக்கு அம்மா ஒரு இனம் அப்பா ஒரு இனம். தேர்தல் நெருங்கும்போது எப்படி போகும்னு அப்பதான் தெரியும். 2027 ஆகஸ்ட்ல தேர்தல், 'வன்டாம்'னு இப்ப ஒரு கோஷம், இங்கிலீஷ் 'ஒன் டெர்ம்'தான் அது, ரூட்டோவ பாத்து ஒரே ஒரு தடவைதான் உனக்கு ஆட்சின்னு சுருக்கி சொல்றது.

'போடா போடா'ன்னு நியூஸ்ல வருதே, யார திட்டுறாங்க?

இது நெஜமாவே மூணு பேர் கேட்டாங்க. யாரையும் இல்ல, பைக் டாக்சிக்கு அங்க பேரே அதான். காயம்பட்டவங்கள ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனதுல நிறைய பேர் போடா போடா பசங்கதான். கூலிப்படை வந்ததும் அதே பைக்லதான், அதையும் சொல்லிடணும்.

வேலை கிடைச்சிருக்கு, நைரோபி போலாமா?

தாராளமா போங்க, நல்ல ஊரு, குளிரு நம்ம ஊட்டி மாதிரி, ஜனங்க தங்கம். போலீஸ் நிறுத்தி 'சாய்' கேட்டா டீ இல்ல, லஞ்சம், பாஸ்போர்ட் காப்பி கையில வச்சுக்கோங்க. வெளிநாட்டுக்காரங்க போராட்டத்துல போய் நிக்காதீங்க, வீடியோவும் எடுக்காதீங்க. ஜூன் 25, ஜூலை 7 ரெண்டு நாளும் டவுன் பக்கம் போக வேணாம், முந்தின நாளே பாலும் ரொட்டியும் வாங்கி வச்சுடுங்க, ஃப்ளைட் இருந்தா ஏர்போர்ட் பக்கத்துலயே ரூம் போட்டுடுங்க, மறுநாள் காலைல ரோடு இருக்குமான்னு டாக்சிக்காரருக்கே தெரியாது.